தொழில்: இல்லை

போன வாரம் கடற்கரைச் சாலையில் காலை நடை முடித்து, காந்தி சிலைப் பக்கம் வழக்கமான திண்டில் உட்கார்ந்திருந்தோம். பேச்சு எப்படியோ பழைய பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகளின் மேல் போனது. ஒரு நண்பர் சொன்னார்: “மதம் மாத்தத்தானே சார் கப்பலேறி வந்தாங்க? இதுல என்ன பெருமை?” இன்னொருவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அவங்க மனுஷங்களா? தேவதைங்க ஐயா!” இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் இந்த மாதிரி வழக்குகளில் என்னை நீதிபதியாக்கிவிடுவது அவர்கள் பழக்கம். “ரெண்டு பேரும் தப்பு” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் எனக்கு ‘டிக்தே’ சொல்லிக்கொடுத்து, ஒரு எழுத்து தப்பினால் முழுச் சொல்லையும் பத்துமுறை எழுத வைத்தவர் ஒரு ‘மா சேர்’. எங்கள் தெருவில் யாருக்குக் கட்டி வந்தாலும், தீப்பட்டாலும், ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவரும் ஒரு மா சேர்தான்.

புதுச்சேரியில் இந்தக் கதை 1827இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் இங்கே வந்து இறங்கினார்கள். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்த காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் பயணம். புறப்பட்டவர்களில் பலர் பிறந்த ஊரை மறுபடி பார்க்கவில்லை. பள்ளி, ஆஸ்பத்திரி, அநாதைப் பிள்ளைகள், பூத்தையல் கூடம் என்று அவர்கள் வேலை விரிந்தது. ரொமேன் ரொலான் வீதியில் உள்ள அந்தப் பழைய மாளிகையில் இன்றும் பெண்கள் உட்கார்ந்து மேசை விரிப்பில் பூப்போடுகிறார்கள். போய்ப் பாருங்கள்.

அவர்கள் நாள் எப்படிப் போயிற்று என்று நாம் யாரும் கேட்பதில்லை. விடியுமுன் மணி அடிக்கும். எழுந்ததும் பேச்சுக் கிடையாது. செபம், தியானம், பூசை. பிறகு ஒரு வாய்க் காப்பி. அதன்பின் ஆளுக்கொரு திசை. ஒருவர் வகுப்புக்கு, ஒருவர் சமையற்கட்டுக்கு, ஒருவர் வார்டுக்கு. வார்டில் என்ன வேலை? சீழ் துடைப்பது, கிண்ணம் கழுவுவது, கட்டுத்துணியை வேகவைத்துக் காயப்போட்டுச் சுருட்டுவது, செத்தவரைக் குளிப்பாட்டித் துணி போர்த்துவது. நம் சித்திரை வெயிலில், கழுத்து வரை மூடிய அங்கியோடு. சாயங்காலம் மறுபடி செபம். கொஞ்ச நேரம் பேச்சுக்கு அனுமதி உண்டு. அப்போதும் கையில் கிழிந்த துணியும் ஊசியும் இருக்கும். யாருக்காவது இரவுப் பணி இருந்தால் தூக்கமும் இல்லை.

இப்போது நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும்.

நான் ஓர் அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பிரெஞ்சு பேசுகிறவர் யார் வந்தாலும் என் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். ஒருநாள் வயதான மா சேர் ஒருவர் ஒரு படிவத்தோடு வந்தார். முப்பது வருடமாக வார்டில் இருந்தவர். நான் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். ‘தொழில்’ என்ற கட்டம் வந்தது. “சம்பளம் உங்கள் கைக்கு வருகிறதா?” என்றேன். “இல்லை” என்றார். “சர்வீஸ் புத்தகம்?” “இல்லை.” நான் யோசிக்கவே இல்லை. ‘தொழில்: இல்லை’ என்று எழுதினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதைப் படித்தார். சிரித்தபடியே பிரெஞ்சில் கேட்டார்: “அப்படியானால் இத்தனை வருடம் விடியற்காலையில் எழுந்து நான் என்னதான் செய்துகொண்டிருந்தேன், மெஸ்யே?”

நானும் சிரித்தேன். ஆனால் எழுதியதை அடிக்கவில்லை. விதிப்படி சரிதானே என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன்.

பல வருடம் கழித்து என் தாயார் பத்து மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள். நானும் என் மனைவியும் பார்த்துக்கொண்டோம். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்; தவறினால் முதுகில் புண். முதல் வாரத்திலேயே எனக்கு இடுப்பு போயிற்று. ஒரே ஒரு ஆளுக்கு, அதுவும் பெற்ற தாய்க்கு, பத்து மாதம் செய்யவே நான் திணறினேன். அந்த மா சேர் யார் பெற்றவர்களுக்கோ முப்பது வருடம் செய்தார். நான் அதற்கு ‘இல்லை’ என்று எழுதினேன்.

அதனால்தான் ‘தேவதை’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. அது நான் எழுதிய ‘இல்லை’யின் அண்ணன். தேவதைக்கு இடுப்பு வலிக்காது; தூக்கம் வேண்டாம்; ஊர் நினைவு வராது. ஆகவே நாம் கணக்கு எழுத வேண்டியதில்லை. ‘தியாகம்’ என்று ஒரு மாலையைப் போட்டுவிட்டால் நம் கடன் தீர்ந்தது. சொல்தா பென்ஷன் வாங்கியவர் வீடு எது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். போரில் இறந்தவர்களுக்குக் கடற்கரையில் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஜூலை 14 வந்தால் மாலை வைக்கிறோம். வைக்கட்டும். நமக்குக் கட்டுப் போட்ட மா சேரின் பெயராவது உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

இந்தச் சபையை 1807இல் தொடங்கிய ஆன்-மரி ழவுஹே அம்மாளே தேவதை ரகம் இல்லை. பிரெஞ்சுக் கயானாவில் மானா என்ற இடத்தில் காடு வெட்டிப் பயிர்செய்து குடியிருப்பை நடத்தியவர். அடிமைக் கப்பல்களில் பிடிபட்ட ஆப்பிரிக்கர் சுமார் 500 பேரை அரசாங்கம் அவர் பொறுப்பில் விட்டது. 1838இல் அவர்களில் 185 பேர் ஒரே நாளில் முழு விடுதலை பெற்றார்கள். தோட்ட முதலாளிகள் அவரைப் பகைத்தார்கள். ஆயரோடும் தகராறு, திருவருட்சாதனங்களே மறுக்கப்பட்ட காலமும் அவருக்கு உண்டு. அமைச்சகங்களுக்கு ஓயாமல் கடிதம் எழுதி, வரவு செலவு பார்த்து, வாதாடி நின்றவர். இதற்குப் பெயர் வேலை.

சரி, முதல் நண்பருக்கு வருகிறேன். மதம் பரப்பும் எண்ணம் அவர்களுக்கு இருந்ததா? இருந்தது. அதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை. பிரெஞ்சு ஆட்சியோடு ஒட்டி வந்தவர்கள்தான் என்பதும் உண்மை. வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ஒரு பள்ளி, சட்டைக்காரப் பிள்ளைக்கு ஒரு பள்ளி என்று பிரித்த காலத்தில் அந்தப் பிரிவினைக்குள்தான் அவர்களும் பாடம் நடத்தினார்கள். குறையைக் குறையாகவே எழுதுவோம். ஆனால் நண்பரே, அவர்கள் கட்டுப் போட்ட கால்களில் பெரும்பாலானவை கடைசி வரை கோயிலுக்கே நடந்த கால்கள். என் காலும் அதில் ஒன்று. நோக்கம் என்ன என்பதை மட்டும் விசாரித்து, செய்த வேலையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று. கன்னியர் என்றதும் வெள்ளை முகம் மட்டுமே நமக்கு நினைவு வருகிறது. 1844இல் துபுய் சாமியார் இதே புதுச்சேரியில் மரியாயின் மாசற்ற இருதய சபையைத் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்கள் நம் ஊர்ப் பெண்கள். பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலத்தில் அவர்கள் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அவர்களைத் தேவதை என்றுகூட நாம் சொன்னதில்லை. கூடவே வேலைசெய்த ஆயாக்களையும் பூத்தையல் பெண்களையும் கேட்கவே வேண்டாம்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான்: மாலையும் வேண்டாம், வசையும் வேண்டாம். உங்களுக்குப் பாடம் சொன்ன, கட்டுப் போட்ட மா சேர் யார், எந்த வார்டு, எந்த வகுப்பு, எத்தனை வருடம் என்று ஒரு தாளில் எழுதிப் பேரப்பிள்ளைகளிடம் கொடுங்கள். நமக்கும் வயதாகிறது. நாம் போய்விட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்காது.

என் பங்குக்கு நான் தொடங்கிவிட்டேன். என் தாளில் முதல் வரி அந்த வார்டு மா சேருக்கு. ‘தொழில்’ என்ற இடத்தில் இந்த முறை எழுதியிருக்கிறேன்: ‘நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். முப்பது ஆண்டுகள்.’