பறை சொல்லிக் கொடுத்தவனுக்கு எந்த மாநாடு?

பாட்டு வாத்தியார்களுக்கு மாநாடு நடத்துவது தமிழ்நாட்டில் நூறு வருஷத்துக்கு மேலாக நடந்துவருகிற காரியம். பந்தல், பன்னீர், பொன்னாடை, தீர்மானம், கடைசியில் குரூப் போட்டோ. அந்தப் போட்டோக்களை எல்லாம் வரிசையாக அடுக்கிப் பாருங்கள் தோழர்களே. சேரியில் பறை சொல்லிக் கொடுத்த மனுசன் முகம் எத்தனையில் இருக்கு?

மாநாடு சும்மா கூடிக் கலைகிற கூட்டமில்லை. எது இசை, எது இரைச்சல், எவன் ஆசிரியன், எவன் கூலி என்று கோடு கிழிக்கிற இடம் அது. கோடு கிழித்தவன் பக்கம்தான் பள்ளிக்கூடம், சான்றிதழ், சம்பளம், விருது எல்லாம் போய்ச் சேருது.

1912-இல் ஆபிரகாம் பண்டிதர் தஞ்சாவூரில் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் தொடங்கி, 1916 வரை சொந்தச் செலவில் மாநாடுகள் கூட்டினார். பார்ப்பனரல்லாத ஒரு கிறித்தவ வைத்தியர் வித்வான்களை உட்கார வைத்து சுருதிக் கணக்குப் பேசினார். 1916-இல் பரோடா அனைத்திந்திய மாநாடு வரை போய்ப் பேசினார். அடுத்த வருஷம் ‘கருணாமிர்த சாகரம்’ வந்தது. கலகம்தான், மறுக்கவில்லை. ஆனா அந்தக் கலகத்தின் விவாதம் சுருதி பற்றியது. தோலைப் பற்றியது இல்லை.

1927 டிசம்பரில் சென்னைக் காங்கிரஸ் மாநாட்டோடு ஒட்டி இசை மாநாடு நடந்தது. அதிலிருந்து 1928-இல் மியூசிக் அகாதெமி பிறந்தது. 1931-இல் அகாதெமி ஆசிரியர்களுக்கென்றே ஒரு கல்லூரி தொடங்கியது. அதுவரை குருவின் வீட்டில் கிடந்து கற்ற வித்தைக்கு இப்போது பாடத்திட்டம் வந்தது, பரீட்சை வந்தது. வீட்டுக்கு வந்து பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறது கௌரவமான தொழிலாச்சு. 1993-இல் கற்பிக்கிறவர்களுக்கென்றே சங்கீத கலா ஆச்சார்யா விருதையும் ஏற்படுத்தினார்கள். நல்லது. யாருக்கு நல்லது?

தமிழிசைக்காரர்கள் எதிர்த்து நின்றார்களே என்று கேட்பீர்கள். 1941-இல் சிதம்பரத்தில் மாநாடு கூட்டினார்கள், 1943-இல் தமிழ் இசைச் சங்கம் கண்டார்கள். மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று சண்டை போட்டார்கள். சரியான சண்டை. மொழிக்குப் போட்ட சண்டையை ஏன் சாதிக்கும் சேர்த்துப் போடவில்லை? பண்ணும் தேவாரமும் மீட்கப்பட்டன. தொல்காப்பியம் கருப்பொருள் வரிசையில் யாழையும் பறையையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. யாழுக்கு 1947-இல் விபுலானந்தர் ‘யாழ் நூல்’ எழுதினார். செத்துப்போன வாத்தியத்துக்கு ஆராய்ச்சி. உயிரோடு இருந்த வாத்தியத்துக்குச் சாவு வீடு. இதுதான் நம்ம பண்பாட்டு மீட்பின் லட்சணம்.

தோல் தீட்டு என்கிறார்கள். அப்படின்னா மிருதங்கம் எதுல செய்யறாங்க? பண்ருட்டிப் பக்கத்துப் பலாக்கட்டை, அதுக்கு மேல பசுத்தோல், ஆட்டுத்தோல், இழுத்துக் கட்ட எருமைத்தோல் வார். தோலைப் பதம் பார்த்து, மூட்டி, நாதம் பிடிச்சுக் கொடுக்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். டி.எம்.கிருஷ்ணா இவர்களைப் பற்றி 2020-இல் ஒரு புத்தகம் எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்ப வாங்கிக்கொண்டது. வாத்தியம் மேடை ஏறலாம். அது எந்தத் தோல், யார் கை என்று பேசும் புத்தகம் ஏறக்கூடாது. தோல் அவர்கள் மடிக்குப் போனதும் தீட்டு கழிஞ்சிடுது. நம்ம தோளில் தொங்கினா மட்டும் ஒட்டிக்கிடுது.

சொல்லிக் கொடுக்கிற முறையிலும் இதே சூதுதான். மிருதங்கத்துக்கு வாயால் சொன்னால் அது ‘சொல்கட்டு’, சாஸ்திரம். பறைக்கு வாயால் சொன்னால் அது ‘டண்டணக்கா’, சினிமாவில் சிரிக்க வைக்கிற சத்தம். எங்க சங்கராபுரம் பக்கத்துக் காலனிகளில் வந்து பாருங்கள். பையன் முதலில் தொடையில் தட்டிப் பழகுறான். வாயால் சொல்லி மனசில் ஏத்துறான். அப்புறம்தான் கையில் அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும். வைக்கோல் தீயில் எவ்வளவு நேரம் காய்ச்சணும், மழை ஈரத்தில் தோல் எப்படித் தொய்யும், புளியங்கொட்டைப் பசை எந்தப் பதத்தில் பிடிக்கும், சாவுக்கு எந்த அடி, சாமிக்கு எந்த அடி எல்லாம் பாடம். வரிசையுள்ள பாடம். அச்சடித்த சிலபஸ் மட்டும்தான் இல்லை.

நான் வங்கியில் எழுத்தர். கணக்குத் திறக்கும் படிவத்தில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் உண்டு. வீட்டில் பத்துப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித் தருகிற அம்மா ‘இசை ஆசிரியை’ என்று எழுதுகிறார். சரிதான், அவர் உழைப்பு அது. மூணு தலைமுறைப் பையன்களைப் பழக்கிவிட்ட பெரியவர் “கூலின்னு போட்டுக்குங்க சார்” என்கிறார். அவரை யாரும் மிரட்டவில்லை. அந்தக் கட்டத்தில் தனக்கு வேறு வார்த்தை கிடையாது என்று அவருக்கே தோணுது பாருங்க, நூறு வருஷ மாநாடுகளின் சாதனை அதுதான்.

அரசாங்கமும் அவரைக் ‘கலைஞர்’ என்று மட்டும்தான் பார்க்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் வந்தது. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளிலோ குரலிசை, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், தேவாரம், பரதம் என்று ஏழு பாடங்கள். நாட்டுப்புறக் கலைகளை அண்மையில் பகுதி நேரமாகச் சேர்த்தார்கள். ஏழு பாடத்துக்கு முழு நேரம், நமக்குப் பகுதி நேரமா?

நம்ம இயக்கத்துக்குள்ளேயே ஒரு வாதம் இருக்கு. பறை இழிவின் அடையாளம், அதைத் தூக்கிப் போடணும் என்று ஒரு சாரார். சாதி இந்து சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று சொல்லி அடி வாங்கிய சனங்களின் குரல் அது. அதைக் கொச்சைப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. இல்லை, பறை விடுதலைக் கருவி என்பது இன்னொரு குரல். திண்டுக்கல் சக்தி கலைக்குழு தலித் பெண்கள் கையில் அதைக் கொடுத்தது. 2025-இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அந்த ‘ஆசான்’ எந்த மாநாடும் கொடுத்த பட்டம் இல்லை.

இரண்டு குரலும் ஒன்றோடொன்று மோத வேண்டியதில்லை என்பது என் கட்சி. அடிக்க மறுக்கிற உரிமையும் சொல்லிக் கொடுக்கிற உரிமையும் ஒரே உரிமை. ஊர்க்கட்டுப்பாட்டுக்காக அடித்தால் அது கட்டாய உழைப்பு, வன்கொடுமைச் சட்டப்படி குற்றம். நம்ம விருப்பத்தில், நம்ம கூலியில், நம்ம மாணவனுக்குச் சொல்லிக் கொடுத்தால் அது கல்வி. இப்ப நகரத்தில் வாரக்கடைசிப் பறைப் பயிற்சி நடக்குது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வரட்டும், சந்தோசம். ஆனா சேரிப் பெரியவரிடம் நாலு அடி கத்துக்கிட்டுப் போய்ப் பயிற்றுநர் ஆனவர் கட்டணம் வாங்குகிறார். பெரியவர் சாவு வீட்டு வாசலில் நிற்கிறார். இதுக்குப் பேர் சமத்துவமா?

ஆகவே கேட்போம். இசை ஆசிரியர் மாநாடு யார் நடத்தினாலும் பறை ஆசானுக்கு அங்கே நாற்காலி வேண்டும். பாடத்திட்டம் பேசும் அமர்வில் வேண்டும். வாத்தியம் செய்கிறவரும் உட்கார வேண்டும். அரசு இசைப் பள்ளிகளில் பறைக்கு முழு நேரப் பணியிடம் வேண்டும். பரம்பரையாகக் கற்ற அனுபவத்தைத் தகுதியாக ஏற்க வேண்டும். இதற்கெல்லாம் முன்பாக, எந்த ஊரிலும் எவரையும் கட்டாயப்படுத்தி அடிக்க வைக்கக்கூடாது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்த இசை மாநாட்டு அழைப்பிதழ் கைக்கு வந்தால் நிகழ்ச்சி நிரலைப் படியுங்கள். ‘விருந்தினர் வரவேற்பு’ என்ற வரியில் மட்டும் பறை இருந்தால், வாசலில் நின்று அடிக்க வர முடியாது என்று சொல்லச் சொல்லி நம்ம குழுக்களிடம் பேசுங்கள். காரணத்தை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். மறுக்கிறது நம்ம சனத்துக்குப் புதுசில்லை.