பாம்புக்கு வெயிலும் நிழலும்

மேல்நாடுகளில் நாய், பூனை வளர்ப்பதைப் போலவே பாம்பு வளர்க்கிறவர்களும் அநேகர் என்றால், நம் நேயர்களில் சிலர் உடனே கால்களை நாற்காலியின்மேல் தூக்கி வைத்துக் கொள்ளக்கூடும். பயம் வேண்டாம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அவர்கள் மிகுதியாக வளர்ப்பவற்றுள் ஒன்று, கானா, டோகோ, பெனின் முதலிய ஆப்பிரிக்க தேசங்களைச் சேர்ந்த விஷமற்ற ஒரு சிறு மலைப்பாம்பு. நீளம் நாலைந்து அடிதான். அச்சம் நேர்ந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு சுருண்டு விடும். ஆகவே அமெரிக்கர் அதற்குப் பந்து மலைப்பாம்பு என்றே பெயரிட்டு விட்டனர். நம் நாட்டுப் பாம்புகளை இவ்வாறு வீட்டில் அடைப்பதை 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அது நல்லதே.

இந்தச் சாதுப் பிராணியை வதைக்கப் பட்டினி போட வேண்டியதில்லை. உஷ்ணத்தையும் ஈரத்தையும் கவனியாமல் விட்டாலே போதும். குளிர் வந்தால் நாய் முனகும்; பூனை அடுப்பங்கரையைத் தேடிப் போகும். பாம்போ ஒன்றும் சொல்லாமல் கிடக்கும்.

நமது சரீரம் உண்ட உணவைக் கொண்டு தனக்கு வேண்டிய உஷ்ணத்தைத் தானே உண்டாக்கிக் கொள்கிறது. பாம்பு வெளிச்சூட்டையே நம்பியிருக்கிறது. குளிர்ந்தால் சூடான இடத்துக்கு ஊர்ந்து போகும். சூடு மிகுந்தால் நிழலுக்கு நகரும். போதிய சூடு கிடைக்காவிட்டால் விழுங்கிய எலி செரியாது, கக்கிவிடும். ஆகையால் பெட்டி முழுவதையும் ஒரே சூடாக வைப்பதும் பிசகு, ஒரே குளிர்ச்சியாக வைப்பதும் பிசகு. ஒரு கோடியில் 31 அல்லது 32 டிகிரி சென்டிகிரேடும், மறுகோடியில் 25 அல்லது 26 டிகிரியும் இருக்க வேண்டும். இரு கோடியிலும் ஒளிந்து கொள்ள ஒவ்வொரு பொந்து அவசியம். குளிர்ந்த பக்கத்தில் மட்டும் பொந்து இருந்தால், பயந்த பாம்பு சூட்டைத் துறந்து அங்கேயே அடைந்து கிடக்கும். சூடு தரும் கருவி எதுவானாலும், அதை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் வைக்கலாகாது. மின்சாரத்தால் சூடாகும் கல் ஒன்று விற்கிறார்கள். அதை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். அடிவயிறு வெந்து போகும்வரை அதன்மேலேயே படுத்துக் கிடந்த பாம்புகள் உண்டு.

இனி ஈரம். கறையான் எடுத்த புற்றில் பாம்பு குடிபுகுவதை நம் கிராமத்தார் நன்கறிவர். இந்த ஆப்பிரிக்கப் பாம்பும் அப்படித்தான். கறையான் புற்றிலும் எலி வளையிலும் வாசம் செய்வது. வெளியில் அனல் காற்று அடித்தாலும் புற்றுக்குள் ஈரம் தங்கும். கண்ணாடிப் பெட்டியின் மேலே விளக்கைப் போட்டு, மூடிக்குக் கம்பிவலையும் அமைத்தால் இருக்கிற ஈரமும் பறந்துவிடும். காற்றின் ஈரம் 60 சதவிகிதத்துக்குக் குறையாதிருத்தல் நலம். சட்டை உரிக்கும் சமயத்தில் 70 வரை இருக்கலாம். இதற்குத் தென்னை நார்த்தூளை அடியில் பரப்புவது ஓர் எளிய உபாயம். நம் பக்கத்துத் தென்னந்தோப்புச் சரக்கு கடல் கடந்து பாம்புக்குப் படுக்கையாகிறது! தூளின் அடிப்பாகம் நனைந்திருக்க வேண்டும். மேற்பாகம் உலர்ந்திருக்க வேண்டும். சேறாக்கிவிட்டால் வயிற்றுச் செதில்கள் புண்ணாகும்.

ஈரம் சரியாயிருந்தால் சட்டை ஒரே உறையாகக் கழலும். துண்டு துண்டாகக் கிழிந்து வந்தால் முதலில் ஈரமானியைப் பார்க்க வேண்டும். கண்ணின்மேல் மூடிபோலுள்ள தோல் உரியாமல் நின்றுவிட்டால், அதை நகத்தால் பிடுங்கவே கூடாது, கண் போய்விடும். ஈரப்பாசி நிரப்பிய சிறு பெட்டியைச் சூடான பக்கத்தில் வைத்தால் பெரும்பாலும் அடுத்த உரிப்பில் அதுவும் சேர்ந்து வந்துவிடும். அப்போதும் வராவிட்டால் கால்நடை வைத்தியரிடம் கொண்டு போக வேண்டியதுதான்.