பந்தலுக்குள் நுழையும் முன்

சுங்குவார்சத்திரத்தில் இட்லிக்கடை வைத்திருக்கிறேன். 2024 செப்டம்பர் 9-ம் தேதி பக்கத்திலுள்ள சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி, பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள், 37 நாள்.

டீ கேனோடு நேரே உள்ளே நுழைந்தேன். "அக்கா, செருப்பை ஓரமா விடுங்க" என்றான் ஒரு தம்பி, மெதுவாக. உட்காருவது, சாப்பிடுவது, மதியம் கண்ணயர்வது எல்லாம் அந்தத் தார்ப்பாயில்தான். அப்போதே புரிந்துவிட்டது, இது வீடு. டீயையும் கடைசி வரிசையிலிருந்துதான் கொடுக்கச் சொன்னார்கள். முன்னால் இருப்பவர்களுக்கு யாராவது கொடுத்துவிடுவார்கள், பின்னால்தான் விட்டுப்போகும்.

வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம்தான் எனக்கு வருத்தம். தூங்குகிறவன் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டினார்கள். அடுத்தவர் வீட்டுக்குள் போய் அப்படிச் செய்வோமா?

அக்டோபரில் போலீசார் பந்தலைப் பிரித்தார்கள். பிள்ளைகள் வெட்டவெளியில் உட்கார்ந்தார்கள். அக்டோபர் 15-ல் பேச்சுவார்த்தையில் முடிவு வந்தது. நிழலைப் பிடுங்கியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்கு முன்பும், 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் எங்கள் ஊர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் போராடி விடிய விடிய உட்கார்ந்தார்கள். பெண்பிள்ளைகள் கழிவறைக்கு எங்கே போவார்கள்? கோரிக்கை சரியா தப்பா என்று அதிகாரிகள் பிறகு பேசட்டும். ஜனங்கள் உட்கார்ந்த அன்றே தண்ணீர் லாரியும் நடமாடும் கழிவறையும் அனுப்புங்கள். பார்க்கப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றுங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.