ரசீதில் தொகையை மட்டும் பார்க்காதீர்கள்

காரில் சீட் பெல்ட் போடாதவருக்கும் ஆயிரம் ரூபாய், பைக்கில் ஹெல்மெட் போடாதவருக்கும் ஆயிரம் ரூபாய். தொகை ஒன்று என்பதால் தண்டனையும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் அப்படிச் சொல்லவில்லை. சீட் பெல்ட்டுக்கான 194பி பிரிவு பணத்தோடு நிற்கிறது. ஹெல்மெட்டுக்கான 194டி, மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் செல்லாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. பைக்கில் மூன்று பேர் போனால் பாயும் 194சி-யும் அப்படித்தான்.

ஹெல்மெட் வழக்கு பெரும்பாலும் ரோட்டோரத்திலேயே பணத்தோடு முடிந்துவிடுவதால் இந்த இரண்டாம் பாதி யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் சட்டத்தில் இருப்பது எந்த நாளும் உயிர்பெறலாம். 206-ஆம் பிரிவின்படி, போலீஸ் அதிகாரி லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். ஆர்.டி.ஓ. ஓட்டுநரின் விளக்கத்தைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். ஆகவே விளக்கம் கேட்டு வரும் கடிதத்தை மேசையில் போட்டுவைப்பது நமக்குத்தான் நஷ்டம். முடிவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தடைக் காலத்தில் ஓட்டிச் சிக்கினால் அது தனிக் குற்றம்: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

குடித்துவிட்டு ஓட்டுவது வேறு ரகம். 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், ரோட்டிலேயே பணம் கட்டித் தீர்த்துக்கொள்ள வழியில்லை; கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். அந்த நேரத்தில் வண்டி மோதியிருந்தால், சொந்த வண்டியின் சேதத்துக்கு இன்சூரன்ஸும் கைவிரித்துவிடும்.

பதினெட்டு வயது ஆகாத பையனிடம் சாவியைக் கொடுக்கும் அப்பாக்கள் 199ஏ பிரிவை ஒருமுறை படிக்கலாம். பையன் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. கடைக்குப் போய் ஒரு பாக்கெட் பால் வாங்கிவர இவ்வளவு விலையா என்றால், சட்டம் ஆம் என்கிறது.

கேமரா எடுக்கும் இ-சலானில் சிக்கல் வேறு. அது முகத்தைப் பார்ப்பதில்லை, நம்பர் பிளேட்டைப் பார்க்கிறது, நோட்டீஸ் ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்குப் போகிறது. வந்ததும் பிரிவு எண், இடம், நேரம், படம் நான்கையும் சரிபாருங்கள். படத்தில் இருப்பது உங்கள் வண்டி இல்லையென்றால் பணம் கட்டாமல் ஆட்சேபம் எழுப்புங்கள். வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. ஃபைலோடு வரும் ‘சலான்’ மோசடி. உண்மையானதை அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய பைக்கை விற்றுவிட்டு, பேர் மாற்றும் வேலையை வாங்கியவர் தலையில் கட்டிவிட்டவர்களுக்கும் இந்தச் சலான்கள் வந்துகொண்டே இருக்கும். அது மட்டுமல்ல, அந்த வண்டி யார் மீதாவது மோதினால் நஷ்டஈட்டுக்கும் ஆர்.சி.யில் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. விற்பவர் 29-ஆம் எண் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதாது, அது ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்ச் சேர்ந்து ஆர்.சி.யில் பெயர் மாறிவிட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.