பட்டியல் போலீசிடம், பொறுப்பு நம்மிடம்!



அமெரிக்காவில் பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள் தம் முகவரியைக் காவல்துறையிடம் பதிவு செய்கிறார்கள். 1996-ஆம் ஆண்டின் மேகன் சட்டம் அவ்விவரங்களை ஊராருக்கும் திறந்துவிட்டது. இன்று இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம்.

நம் நாட்டிலும் பட்டியல் உண்டு. 2018 செப்டம்பரில் மத்திய உள்துறை அதைத் தொடங்கியபோதே சுமார் 4.4 லட்சம் பதிவுகள் இருந்தன. ஆனால் காவல்துறையினரும் விசாரணை அமைப்பினரும் மட்டுமே அதைப் பார்க்க முடியும். நாம் பார்க்க முடியாது.

அப்படியானால் ராணிப்பேட்டையில் பிள்ளையைப் பள்ளிக்கும் மதரஸாவுக்கும் டியூஷனுக்கும் அனுப்பிவிட்டு ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் தாய் என்ன செய்வாள்?

வழி இருக்கிறது. குழந்தைகளோடு பழகும் ஊழியர் ஒவ்வொருவரையும் பற்றி, அவ்வப்போது போலீஸ் விசாரணை செய்துகொள்வது நிறுவனத்தின் கடமை என்கின்றன 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள். ஆசிரியர், ஆயா, வேன் டிரைவர் யாரும் விலக்கல்ல. "விசாரித்தீர்களா?" என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை!

மற்றொன்றையும் சிந்தியுங்கள். அப்பட்டியலில் ஏறுவது தண்டிக்கப்பட்டவன் பெயர்தான். ஊர்ப் பெரியவர்கள் கூடி, "மானம் போய்விடும்" என்று மூடி மறைத்தவனின் பெயர் எங்கே ஏறும்? அவன் அடுத்த ஊரில், அடுத்த பள்ளியில் வேலைக்குச் சேருவான்!

தெரிந்தும் புகார் செய்யாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடவும் அதே சட்டம் தடை விதிக்கிறது. பிறகு ஏன் தயக்கம்? 1098-க்குச் சொல்லுங்கள்.

நாம் வாய் திறந்தால்தான் பட்டியலுக்கும் பயன் உண்டு!