தலையில் அடியும் இதய மாத்திரையும்

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ரோட்டைப் பார்த்திருக்கிறீர்களா சகோதரிகளே? கம்பெனி பஸ், லாரி, அவற்றுக்கு நடுவே புகுந்து புறப்படும் மோட்டார் சைக்கிள்கள். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் விபத்தில் தலையில் பலமாக அடிபட்டால், பலரை பெங்களூரில் ஓசூர் ரோட்டிலேயே இருக்கும் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகிறார்கள்.

"அக்கா, இதயத்துக்குக் கொடுக்கிற மாத்திரை தலைக்காயத்துக்கும் நல்லதாமே? எங்க மாமியார் டப்பாவுல இருக்கே!" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். இது பலருக்கும் வரக்கூடிய சந்தேகம்தான்.

அந்த மருந்தின் பெயர் ப்ராப்ரனலால். ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக் 1960-களில் உருவாக்கியது. 1988-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ரத்தக் கொதிப்பு, நெஞ்சுவலி, ஒற்றைத் தலைவலி இவற்றுக்கெல்லாம் கொடுக்கிறார்கள்.

தலையில் பலத்த அடி பட்டதும் உடம்பில் அட்ரினலின் தாறுமாறாகச் சுரக்கிறது. நாடி எகிறும், ரத்த அழுத்தம் ஏறும், ஏற்கெனவே நொந்துபோன மூளைக்கு மேலும் கெடுதல். பால் பொங்கும்போது அடுப்பைத் தணிக்கிறோமே, அப்படி இந்தப் படபடப்பைத் தணித்தால் என்ன என்பதுதான் டாக்டர்களின் யோசனை.

ஈரானில் ஷிராஸ் நகரில் 219 நோயாளிகளிடம் சோதித்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். தலையில் மட்டும் பலத்த காயம் பட்டவர்களில் மருந்து பெறாதவர்கள் நூற்றுக்குச் சுமார் 19 பேர் இறந்தார்கள். பெற்றவர்களில் சுமார் 4 பேர்தான். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அமெரிக்காவில் வாண்டர்பில்ட் ஆஸ்பத்திரியில் இதோடு குளோனிடைனும் சேர்த்துக் கொடுத்தபோது, மூச்சுக் கருவி இல்லாமல் இருக்கும் நாட்கள் கூடவில்லை.

அதனால்தான் பெரிய சோதனைகள் வேண்டும் என்கிறார்கள். ஸ்டீராய்டு மருந்தின் கதையைப் பாருங்கள். தலைக்காயத்துக்கு நல்லது என்று நம்பிப் பல வருஷம் கொடுத்து வந்தார்கள். 10,008 பேரிடம் சோதித்து 2004-ல் முடிவு வந்தபோது, அந்த ஊசி போட்டவர்களில்தான் அதிகம் பேர் இறந்திருந்தார்கள்!

ஆகவே மாமியாரின் மாத்திரை மாமியாருக்கே இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் நிமிஷத்துக்கு நிமிஷம் பார்த்துக்கொண்டு கொடுக்க வேண்டியது அது. ரத்தம் போயிருப்பவருக்குக் கொடுத்தால் அழுத்தம் இறங்கி ஆபத்தாகும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சே அடைக்கும். அடிபட்டவர் வழக்கமாக அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். திடீரென்று நிறுத்துவதும் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை:

• உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். கழுத்தை அசைக்காதீர்கள்.

• சோடா, காபி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள்.

• நினைவு தப்புதல், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது நீர் வடிதல் இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதம் வேண்டாம்.

• தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், 2021-ல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். அடிபட்டவர் கர்நாடகக்காரராக இருந்தாலும் சரி, உண்டு.

இன்று உங்கள் வீட்டுக்காரர் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது டிபன் பாக்ஸைக் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டின் வாரை மாட்டியிருக்கிறாரா என்று கையால் தொட்டுப் பார்த்து அனுப்புங்கள்.