உழவு இயந்திரத்தின் கியர் எண்ணெயைக் கமக்காரரே மாற்றுதல் வேண்டும்

ஏர்மாடு பூட்டி உழுத காலத்தில் மாட்டின் குளம்பையும் கழுத்தையும் பாராது வயலில் இறக்கிய கமக்காரர் எவருமிலர். மாட்டுக்கு வைக்கும் தவிடும் பிண்ணாக்கும் வேறொருவர் பொறுப்பென்று அவர் விட்டதுமில்லை. அவரது முற்றத்தில் இன்று நிற்கும் உழவு இயந்திரத்தின் கியர்ப் பெட்டியில் எந்த எண்ணெய், எவ்வளவு, எப்போது ஊற்றப்பட்டது என்று வினவினால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. சாரதி கராச்சுக்காரரைக் காட்டுவார். கராச்சுக்காரர் உடைமையாளரைக் காட்டுவார். உடைமையாளர் மீண்டும் சாரதியையே காட்டுவார். மூவரும் பொய் சொல்லுகின்றனரல்லர். எவர் கையிலும் அவ்வேலை ஒப்படைக்கப்படவில்லை என்பதே உண்மை.

எஞ்சின் எண்ணெயை மறப்பவர் குறைவு. அது கறுக்கின்றது, குறைந்தால் பல இயந்திரங்களில் விளக்கு எரிந்து எச்சரிக்கின்றது. கியர் எண்ணெயோ புகையோடும் கரியோடும் சேர்வதில்லை. ஆதலின் பல போகங்கள் கழிந்தும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். எனினும் அது சுமக்கும் சுமை பெரிது. எஞ்சினின் வேகத்தைக் குறைத்து வலுவாக்கிச் சில்லுக்கு அனுப்பும் பற்சில்லுகள் ஒன்றையொன்று நெருக்கும் இடத்தில், இரும்பையும் இரும்பையும் பிரித்து நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே. நான்கு சில்லு இயந்திரத்தின் பின்னச்சிலுள்ள டிபரன்சியல், திரும்பும்போது வெளிச்சில்லை விரைவாகவும் உட்சில்லை மெதுவாகவும் ஓடவிடுவது. அதுவும் அந்தப் படலத்தையே நம்பியிருக்கின்றது. பெரும்பாலான இருசில்லு இயந்திரங்களில் டிபரன்சியல் இல்லை. கைப்பிடியிலுள்ள நெம்பை அழுத்தி ஒரு பக்கச் சில்லின் இணைப்பை விடுவித்தே திருப்புவர். ஆயினும் அவ்விணைப்புகளும் கியர்ப் பெட்டிக்குள், அதே எண்ணெயில்தான் கிடக்கின்றன.

தெருவில் ஓடும் லொறிக்கும் சேற்றில் இறங்கும் உழவு இயந்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கருதவேண்டும். லொறியின் எண்ணெய்க்குப் பகை வெப்பமும் தேய்மானமும். வயலில் அவற்றோடு தண்ணீரும் சேருகின்றது. சேற்றுழவின்போது அச்சின் முனையிலுள்ள இறப்பர்ச் சீல் சேற்றுக்குள்ளேயே சுழலுகின்றது. மணலும் வைக்கோலும் அதன் உதட்டை அராவுகின்றன. பெட்டியின் மேலே காற்றுப் போக்குவரத்துக்கென ஒரு சிறு துவாரம் அமைத்திருப்பர். அது சேறு பிடித்து அடைபட்டால் தீங்கு இருமடங்காகும். வேலையில் சூடேறிய காற்று வெளியேற வழியின்றி எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். பின்னர் அச்சூடான பெட்டி வயல்நீரில் இறங்கிக் குளிரும்போது உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, அதே சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். எண்ணெய் பால்விட்ட தேநீரின் நிறம் கொள்வது இதனாலேயே. ஆகவே எண்ணெய் மாற்றாத கமக்காரரும் அந்தத் துவாரத்தையாவது போகந்தோறும் துடைத்துவிடுதல் நன்று. அதற்குச் செலவு ஒரு பழந்துணிதான்.

எண்ணெயை மாற்றுவோரிலும் பலர் விதைப்புக்குச் சற்று முன்னரே மாற்றுகின்றனர். புது எண்ணெயோடு உழவு தொடங்குவது சரியென்றே தோன்றும். ஆனால் உழவு முடிந்தபின் தண்ணீர் கலந்த எண்ணெயோடு இயந்திரம் மாதக்கணக்காகக் கொட்டிலில் நிற்கின்றதே! அந்த ஓய்வுக் காலத்தில்தான் தண்ணீர் அடியில் இறங்கித் துரு பிடிக்கச் செய்கின்றது; போறிங்குகளின் வழுவழுப்பான முகம் குழிவிழுகின்றது. அடுத்த போகத்தில் எழும் இரைச்சலுக்கு விதை அப்போதே விழுந்துவிடுகின்றது. ஆகையால் காலபோகச் சேற்றுழவு முடிந்து இயந்திரம் கழுவப்படும் அந்த வாரமே எண்ணெய் மாற்றத் தகுந்த வேளை. விதைப்புக்கு முன் மட்டம் பார்த்தால் போதும்.

இவ்வேலையைக் கராச்சில் கொடுத்தாலென்ன என்று கேட்பவர் உண்டு. கொடுக்கலாம், கெட்டிக்காரத் தொழிலாளர் பலர் இருக்கின்றனர். ஆனால் உழவு முடிந்தவுடன் வரிசையில் நின்று இதற்கெனக் கராச்சுக்குப் போவோர் எத்தனை பேர்? பழுது வந்தால் போகலாமென்று விடுவதே வழக்கம். பழுதோ மழை இறங்கி நிலம் பதமாகும் நாளில்தான் வரும். அந்த நாளிற் கியர்ப் பெட்டி கழற்றப்பட்டுக் கிடந்தால் விதைப்புத் தவறும். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் எரிபொருளுக்கும் உதிரிப்பாகத்துக்கும் அலைந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. தவிரவும், எண்ணெயைத் தன் கையால் வடித்துப் பார்ப்பவருக்கு உள்ளே நிகழ்வது தெரிகின்றது. கராச்சில் அந்த எண்ணெய் பீப்பாவுக்குள் போய்விடும். அது சொல்லவந்த செய்தியும் அதனோடு போய்விடும்.

வேலை கடினமன்று. முதல்நாள் மாலை மட்டமான தரையில் நிறுத்திய இயந்திரத்தின் அடிமூடியை, மறுநாட் காலை அசைக்குமுன் சிறிது தளர்த்திப் பார்க்கவேண்டும். எண்ணெயிலும் தண்ணீர் பாரமானதாதலின், பிரிந்து நிற்கும் தண்ணீர் முதலில் சொட்டும். பின்னர் மூடியை இறுக்கி, இயந்திரத்தைச் சிறிது தூரம் ஓட்டி எண்ணெயை இளஞ்சூடாக்கி, எஞ்சினை நிறுத்திச் சில்லுக்குக் கட்டை வைத்தபின் வடிக்கலாம். இங்கே ஒரு விதி தவறக்கூடாது: அடிமூடியைத் திறக்குமுன் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்துக்கொள்ளவேண்டும். எண்ணெயெல்லாம் வடிந்தபின் மேல்மூடி இறுகிப்போயிருப்பதைக் கண்டு, இயந்திரத்தை ஓட்டவும் முடியாமல் ஊற்றவும் முடியாமல் விழிப்பவர்கள் இவ்விதியை அறியாதவர்கள்.

வடிந்ததை இரு விரலுக்கிடையே தேய்த்துப் பார்த்தல் நன்று. காந்தம் பதித்த மூடியில் மைபோன்ற சாம்பல்நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம்; புது இயந்திரத்தின் முதல் மாற்றத்தில் அது மிகுதியாகவே இருக்கும். நகத்தில் தடைபடும் இரும்புத் துண்டோ உடைந்த பல்லோ கண்டால், அந்த வேலை கமக்காரருடையதன்று. புது எண்ணெய் ஊற்றி ஓட்டிப் பார்க்காமல் தொழிலறிந்தவரை அழைக்கவேண்டும். சீல் மாற்றுதலும், பெட்டியைக் கழற்றுதலும், பாரமான இயந்திரத்தைக் கல்லிலும் கட்டையிலும் தூக்கி வைத்து அடியிற் புகுதலும் அவ்வாறே. வீட்டு முற்றத்துக்கு உரியவை அல்ல.

எண்ணெயைத் தெரிதலில்தான் தவறுகள் மிகுதி. கியர் எண்ணெயின் 90 என்ற எண்ணைக் கண்டு அது 40 ஆம் இலக்க எஞ்சின் எண்ணெயிலும் இருமடங்கு தடித்ததென எண்ணுதல் பிழை. இரண்டுக்கும் அளவுகோல் வேறு. ஜீஎல் 4, ஜீஎல் 5 என்பன தடிப்பையன்றி, நெருக்கத்தைத் தாங்கும் ஆற்றலைக் குறிப்பன. எண் கூடியது எங்கும் சிறந்ததன்று: ஜீஎல் 5 வகையிற் சேர்க்கப்படும் கந்தகச் சேர்வைகள் சில பழைய பெட்டிகளின் பித்தளை, வெண்கலப் பாகங்களை அரிக்கக்கூடும். நான்கு சில்லு இயந்திரங்கள் பலவற்றில் கியரும் டிபரன்சியலும் கலப்பையைத் தூக்கும் நீரியல் அமைப்பும் ஒரே எண்ணெயைப் பங்கிடுகின்றன. சிலவற்றில் பிறேக்குத் தட்டுகளும் அதில் மூழ்கியுள்ளன. அவற்றில் வெறும் கியர் எண்ணெயை ஊற்றினால் பிறேக்கும் தூக்கியும் கெடும். கடைக்காரரின் சொல்லை நம்பாது இயந்திரத்தின் கைந்நூலைப் பார்த்தே வாங்கவேண்டும். மட்டத் துவாரத்தின் விளிம்புவரை ஊற்றினால் போதும். நிரம்பிய பெட்டியில் எண்ணெய் நுரைத்துச் சீலைத் தள்ளும்.

கழிவெண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டும் வழக்கம் மன்னிக்கத்தக்கதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற்பாறை மேலே விழுவதை விரைந்து கீழே விடுவது. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்று 2019 ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்டதை அப்பகுதித் தோட்டக்காரர் மறந்திரார். மூடியுள்ள கலனில் சேர்த்து, கழிவெண்ணெய் சேகரிக்கும் எரிபொருள் நிலையத்திலோ கராச்சிலோ ஒப்படைக்கவேண்டும். மாற்றிய திகதியையும் ஊற்றிய எண்ணெயின் பெயரையும் கொட்டிற் சுவரில் கரித்துண்டால் எழுதிவைத்தாலும் போதும். அடுத்த முறை சாரதியைக் கேட்கவேண்டியதில்லை.